பெயரில்லாத கடிதமும் பெயர் மட்டும் இருக்கும் சுவரும்

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கிராமப்புறப் பாட்டு மரபிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையில், போரில் மகனைப் பறிகொடுத்த தாயைப் பற்றி ஒரு கதைப்பாடல் இருக்கிறதாமே, அது எது? அதைக் கேட்டு ஏன் இத்தனை பேர் கலங்குகிறார்கள்? அது போரை ஆதரிக்கிற பாட்டா, எதிர்க்கிற பாட்டா?

ஒரு பாட்டு என்று சொல்ல முடியாது, ஒரு பெரிய வரிசையே உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவை இரண்டு. ஒன்று, 1944இல் எர்னஸ்ட் டப் என்ற பாடகர் பாடிய ‘சோல்ஜர்ஸ் லாஸ்ட் லெட்டர்’ (சிப்பாயின் கடைசிக் கடிதம்). இன்னொன்று, 1989இல் ஸ்டாட்லர் பிரதர்ஸ் என்ற பாடகர் குழு பாடிய ‘மோர் தேன் எ நேம் ஆன் எ வால்’ (சுவரில் இருக்கும் வெறும் பெயர் அல்ல). இரண்டிலும் ஒரு அம்மா, ஒரு மகன், கடைசியில் ஒரு பிரார்த்தனை. நடுவில் 45 வருடங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், அந்தப் பிரார்த்தனை எவ்வளவு மாறிவிட்டது என்பது தெரியும். என்னைக் கேட்டால், ஆதரவா எதிர்ப்பா என்ற கேள்விக்குப் பதில் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

முதல் பாட்டின் கதை மிகச் சின்னது. தபால்காரர் ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுக்கிறார். மகனின் கடிதம், அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிரித்துப் படிக்கிறாள். பதுங்குகுழியில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே அம்மா என்கிறான். சின்ன வயதில் சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வந்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. கேப்டன் உத்தரவு வந்துவிட்டது, நேரம் கிடைக்கும்போது மீதியை எழுதி முடிக்கிறேன், இப்போதைக்கு உன்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறான். அவ்வளவுதான் கடிதம். அடியில் பெயர் இல்லை. பெயர் இல்லாததைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விஷயம் விளங்கிவிடுகிறது.

இதில் இருக்கும் கைவேலையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அன்றைக்கு அமெரிக்கக் குடும்பங்களுக்கு மரணச் செய்தி தந்தியாகத்தான் வந்தது. போர்த்துறைச் செயலாளர் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறார் என்று ஆரம்பிக்கும் வெஸ்டர்ன் யூனியன் தந்தி அது. தந்தி வந்த பிறகும், பையன் உயிரோடு இருந்தபோது போட்ட கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த வீடுகள் உண்டு. இந்தப் பாட்டில் தந்தி கிடையாது. வாசலில் வந்து நிற்கும் அதிகாரி கிடையாது. யாரும் அவளிடம் உன் மகன் செத்துவிட்டான் என்று சொல்வதில்லை. ஒரு காகிதத்தின் அடியில் இருக்க வேண்டிய பெயர் இல்லை என்பதை வைத்து அவளே முடிவுக்கு வருகிறாள், கேட்கிற நாமும் அவளோடு சேர்ந்தே வருகிறோம். அழுகை வருவது அதனால்தான். சொல்லிக் கேட்ட சாவு வேறு, தானே கண்டுபிடித்த சாவு வேறு.

முடிக்காத அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்தது யார்? சிப்பாய்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் அவர்களுடைய படைப்பிரிவு அதிகாரி தணிக்கைக்காகப் படித்துப் பார்ப்பது அப்போது வழக்கம். ஆகவே யாரோ ஒருவர் செத்தவனின் சட்டைப்பையிலிருந்தோ பையிலிருந்தோ அதை எடுத்திருக்க வேண்டும், படித்திருக்க வேண்டும், கீழே ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் அப்படியே அனுப்பியிருக்க வேண்டும். பாட்டு இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. கன்ட்ரி இசையின் நல்ல பாட்டுகள் எல்லாமே இப்படி எதையாவது சொல்லாமல் விட்டுவிட்டு நகர்கிறவை.

கடிதத்தை வைத்துத் தாய்க்குச் செய்தி சொல்வது 1944இல் பிறந்த உத்தி அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1860களில், இறந்தவர்களின் வீட்டுக்குத் தகவல் சொல்ல முறையான ஏற்பாடே இல்லை. பத்திரிகையில் வரும் பட்டியலைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கூட இருந்த சிப்பாயோ மருத்துவமனையில் பார்த்துக்கொண்டவர்களோ எழுதிப்போட வேண்டும். அந்தக் காலத்தில் காயம்பட்ட வீரர்களின் படுக்கை அருகே உட்கார்ந்து அவர்களுக்காகக் கடிதம் எழுதிக்கொடுத்தவர் கவிஞர் வால்ட் விட்மன். அவருடைய ஒரு கவிதையில் ஒஹையோ மாநிலப் பண்ணை வீடு ஒன்றுக்கு மகனிடமிருந்து கடிதம் வருகிறது. அடியில் மகனின் பெயர் இருக்கிறது, ஆனால் எழுத்து அவனுடையது இல்லை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே பெயர் இருக்கிறது, கை அவனுடையதில்லை. டப்பின் பாட்டில் கை அவனுடையது, பெயர் இல்லை. 80 வருட இடைவெளியில் ஒரே காட்சி தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. அந்த உள்நாட்டுப் போர்க் காலத்துச் சோகப் பாட்டுகள் பல அப்பலாச்சியன் மலையோரக் குடும்பங்களில் வாய்வழியாகவே தங்கிவிட்டன. 1860களின் ‘ஃபேடட் கோட் ஆஃப் புளூ’ (வெளுத்துப்போன நீலக் கோட்டு) என்ற பாட்டை, கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தார் 1934இல் இசைத்தட்டில் பாடினார்கள். தாயைப் பிரிந்து, பெயர் தெரியாத கல்லறையில் கிடக்கும் சிப்பாயின் பாட்டு அது. டப்புக்கு அந்தப் பாரம்பரியம் அந்நியமில்லை.

பாட்டை எழுதியவர் ரெட் ஸ்டூவர்ட். பின்னால் பீ வீ கிங் என்ற இசைக்குழுத் தலைவரோடு சேர்ந்து ‘டென்னஸி வால்ட்ஸ்’ என்ற பாட்டை எழுதிப் புகழ்பெற்றவர் இவரேதான். இந்தப் பாட்டை எழுதியபோது அவரே ராணுவத்தில், பசிபிக் போர்முனைப் பக்கம் இருந்தார். இசைத்தட்டில் டப்பின் பெயரும் ஆசிரியராகச் சேர்ந்தது. டெக்ஸஸ்காரரான டப் 1938இல் தன் கைக்குழந்தையை ஒரு கார் விபத்தில் இழந்தவர். அந்தத் துயரத்தை வைத்தே தனியாக ஒரு பாட்டும் எழுதியிருக்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எப்படியிருக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குரல் என்று பார்த்தால் சாதாரணக் குரல், சில இடங்களில் சுருதிக்குக் கீழேயே நிற்கும். நல்ல பாடகர் ஒருவர் இந்தக் கடிதத்தைக் குழைத்துக் குழைத்துப் பாடியிருந்தால் பாட்டு கெட்டிருக்கும். டப் அதைப் பக்கத்து வீட்டுக்காரர் வாசித்துக் காட்டுவது மாதிரி பாடுகிறார்.

அப்போது கன்ட்ரி இசைக்கு அந்தப் பெயர்கூட நிலைக்கவில்லை. பில்போர்டு பத்திரிகை 1944 ஜனவரியில்தான் இதற்கென்று ஒரு பட்டியல் தொடங்கியது, அதுவும் ‘ஃபோக்’ (நாட்டுப்புறம்) என்ற பெயரில். ஜூக்பாக்ஸில், அதாவது காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் இயந்திரத்தில், எந்தத் தட்டு அதிகம் ஓடியது என்பதுதான் அந்தப் பட்டியலின் கணக்கு. அதில் இந்தப் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. இதைக் கொஞ்சம் யோசியுங்கள். இசைத்தட்டு வாங்கி வீட்டில் வைத்துக் கேட்டவர்களின் எண்ணிக்கை அல்ல அது. சாப்பாட்டுக் கடையிலும் மதுக்கடையிலும், நாலு பேர் நடுவில், எழுந்துபோய் காசு போட்டு, ஒரு அம்மாவின் துக்கத்தைக் கேட்டவர்களின் எண்ணிக்கை. அவர்களில் பலரும் கப்பலேறக் காத்திருந்த பையன்களாகவோ, பையனை அனுப்பிவிட்டு வந்த அப்பாக்களாகவோ இருந்திருப்பார்கள்.

சரி, கடைசிச் சரணத்துக்கு வருவோம். அன்றிரவு அந்த அம்மா படுக்கையருகே மண்டியிடுகிறாள். என்ன கேட்கிறாள்? இன்று இரவு போர்முனையில் இருக்கும் எல்லா மகன்களையும் காப்பாற்று, அமெரிக்காவைச் சுதந்திரமாக வைத்திரு என்று கேட்கிறாள். தன் மகனுக்காக ஒரு வார்த்தை இல்லை. இந்த இடத்தை வைத்து, இது பிரச்சாரப் பாட்டுதானே என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளில் பணியாற்றியவர்கள் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர், இறந்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். படையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நீல நட்சத்திரம் என்று வீட்டு ஜன்னலில் சின்னக் கொடி தொங்கும். ஆள் இறந்துவிட்டால் நீலத்தின் மேல் தங்க நட்சத்திரம் வைத்துத் தைப்பார்கள். ஒரே தெருவில் நாலைந்து ஜன்னல்களில் கொடி தொங்கும்போது, ஒரு அம்மா பக்கத்து வீட்டுப் பையன்களுக்காக வேண்டிக்கொள்வது இயற்கையான விஷயம். ஆனாலும் எனக்கு அந்தச் சரணம் உறுத்தத்தான் செய்கிறது. அவள் மகன் இறந்தது தெரிந்து ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அவனுக்காக அழ அவளுக்கு ஒரு சரணம்கூடத் தராமல், பாட்டு அவளை நாட்டுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லிவிடுகிறது.

1971இல் மெர்ல் ஹேகார்ட் என்ற கன்ட்ரி பாடகர் இதே பாட்டை மறுபடி பாடி வெற்றியாக்கினார். வார்த்தைகள் அதேதான், காலம்தான் வேறு. வியட்நாம் போரில் நாடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஹேகார்ட் அதற்குச் சற்று முன்புதான், போரை எதிர்த்துப் போராடிய இளைஞர்களைச் சாடும் பாட்டுகளால் பெரும் பெயர் வாங்கியிருந்தார். 1944இல் எல்லோருக்கும் பொதுவாக இருந்த அம்மாவின் பிரார்த்தனை, 1971இல் ஒரு தரப்பின் பாட்டாகக் கேட்டது. ஆனால் கடிதம் வரும் பகுதியில் ஹேகார்டின் குரலைக் கேளுங்கள், அங்கே எந்தத் தரப்பும் இல்லை.

வியட்நாம் போரில் மரணச் செய்தி வந்த விதமும் பாட்டுகளைப் பாதித்தது. 1965 நவம்பரில் இயா டிராங் பள்ளத்தாக்கில் நடந்த சண்டைக்குப் பிறகு, ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங் பக்கத்தில் இருந்த சிப்பாய்க் குடும்பங்களுக்கு வாடகைக் கார் ஓட்டுநர்கள் வீடு வீடாகத் தந்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தப் படையின் தளபதி ஹால் மூரின் மனைவி ஜூலியா மூர் இதைத் தாங்க முடியாமல், தானே அந்த வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். செய்தியை நேரில் வந்து சொல்ல ஒரு அதிகாரியும் பாதிரியாரும் அடங்கிய குழுவை ராணுவம் ஏற்படுத்தியது இதற்குப் பிறகுதான். அடுத்த வருடமே, 1966இல், கன்ட்ரி பாடகி லொரெட்டா லின் ‘டியர் அங்கிள் சாம்’ பாடினார். அங்கிள் சாம் என்பது அமெரிக்க அரசாங்கத்துக்கு மக்கள் வைத்த பெயர். அதில் கணவனைத் திருப்பித் தரச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதுகிறாள் மனைவி, முடிவில் அவள் கைக்கு வருவது தந்தி. அது மனைவியின் பாட்டு என்பதால் இங்கே விரிவாகப் போகவில்லை. ஆனால் கன்ட்ரி இசையில் ஒரு பெண் அரசாங்கத்தை நேராகக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்ததற்கு அது முக்கியமான சாட்சி.

அப்புறம் 1982. வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவர் திறக்கப்பட்டது. வடிவமைத்த மாயா லின்னுக்கு, 1,421 வரைவுகளில் அவருடையது தேர்வானபோது வயது 21, யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவி. சிலை இல்லை, கொடி இல்லை. நிலத்துக்குள் இறங்குவது போல இரண்டு கறுப்புச் சுவர்கள், அவற்றில் இன்று 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள். பதவி கிடையாது, ஊர் கிடையாது, அகர வரிசையும் கிடையாது. இறந்த தேதி வரிசை மட்டுமே. ஒரே நாளில் செத்தவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். பெயரைத் தேட வேண்டுமானால் வாசலில் உள்ள புத்தகத்தைப் புரட்டி, எத்தனையாவது பலகை, எத்தனையாவது வரி என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். அந்தக் கறுப்புக் கல் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து போன கிரானைட். கண்ணாடி போல மெருகேற்றியிருப்பதால், பெயரைத் தொடுகிறவரின் முகம் அந்தப் பெயரின் மேலேயே தெரியும். திறப்பதற்கு முன் இதை அவமானச் சின்னம் என்று திட்டியவர்கள் உண்டு. ஆனால் தாய்மார்கள் வந்தார்கள். பெயரின் மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பதிலுக்குக் கடிதங்களையும், பொம்மைகளையும், மகனின் பூட்ஸையும் சுவரடியில் வைத்துவிட்டுப் போனார்கள். தேசியப் பூங்கா சேவை அவற்றைப் பொறுக்கிப் பத்திரப்படுத்துகிறது. சேர்ந்திருப்பவை லட்சக்கணக்கில்.

ஸ்டாட்லர் பிரதர்ஸின் பாட்டு நடப்பது இந்த இடத்தில்தான். குழுவின் உச்சக்குரல் பாடகர் ஜிம்மி ஃபார்ச்சூனும் ஜான் ரைமலும் சேர்ந்து எழுதினார்கள், முக்கியக் குரல் ஃபார்ச்சூனுடையது. கொஞ்சம் தூரத்தில் நிற்கும் ஒருவர் பார்த்துச் சொல்வதாகப் பாட்டு ஆரம்பிக்கிறது. கையில் பூவோடு ஒரு அம்மா சுவரருகே வருகிறாள், காகிதமும் பேனாவும் எடுக்கிறாள், பிறகு வானத்தைப் பார்த்துப் பேசுகிறாள். பல்லவி முழுக்க அவள் பேச்சுதான். கடவுளே, என் பிள்ளை எனக்கு உசத்தியானவன், அவன் சுவரில் இருக்கும் வெறும் பெயர் இல்லை, இதை அவனிடம் சொல்லிவிடு என்கிறாள். அவன் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வர ஏங்கியது, மூன்று வயதிலிருந்தே போர் விளையாட்டு விளையாடியது எல்லாம் சொல்கிறாள். அப்போதெல்லாம் விளையாட்டு முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவான், இந்தத் தடவை வர மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

இவள் பிரார்த்தனையை முந்தையவள் பிரார்த்தனையோடு வைத்துப் பாருங்கள். தெய்வத்துக்கும் தேசத்துக்குமாக அவன் செத்தான் என்று இவளும் சொல்கிறாள், மறுக்கவில்லை. ஆனால் நாட்டைக் காப்பாற்று என்று கேட்கவில்லை. எல்லோருடைய மகன்களுக்காகவும் கேட்கவில்லை. அவள் கேட்பது ஒரே ஒருவனைப் பற்றி. 1944இன் அம்மாவுக்குப் பெயர் இல்லாமல் ஒரு கடிதம் வந்தது. அதில் சேற்றுக்காலும் கோணல் எழுத்தும் என்று அவனுடைய எல்லாமே இருந்தன. இந்த அம்மாவுக்கு அரசாங்கம் தந்திருப்பது பெயர் மட்டும். மீதி எல்லாவற்றையும் அவளே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே ஆதரவா எதிர்ப்பா என்றால், என் பதில் இது: 1944இன் பாட்டு துக்கத்தை நாட்டிடம் ஒப்படைக்கிறது, 1989இன் பாட்டு அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்கிறது. எதிர்ப்பு என்ற வார்த்தை அதற்குப் பொருந்தாது. ஆனால் போர் நினைவிடத்திலேயே நின்றுகொண்டு, இங்கே எழுதியிருப்பது போதாது என்று ஒரு தாய் சொல்வதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. எந்த ஊர்வலத்துக்கும் போயிருக்க மாட்டாத, தேவாலயம் தவறாத கிராமத்து மக்கள் இதை வானொலியில் கேட்டு ஏற்றுக்கொண்டார்கள். கன்ட்ரி பட்டியலில் முதல் பத்துக்குள் வந்த பாட்டு இது.

இந்தக் குழு வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டான்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்தது. ஜனாதிபதி உட்ரோ வில்சன் பிறந்ததும் அதே ஊரில்தான். படையில் பிள்ளையை இழந்த தாய்மார் கறுப்புப் பட்டையில் தங்க நட்சத்திரம் வைத்துக் கையில் அணியலாம் என்ற யோசனைக்கு 1918இல் ஒப்புதல் தந்தவர் வில்சன். தற்செயல்தான், ஆனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இந்தப் பாட்டுகளில் இடமில்லாத தாய்மார்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கன்ட்ரி பாட்டில் வரும் அம்மா பெரும்பாலும் வெள்ளைக்கார, கிராமத்து, கிறிஸ்தவ அம்மா. முதல் உலகப் போரில் இறந்த மகன்களின் கல்லறையைப் பார்க்க 1930 முதல் 1933 வரை அமெரிக்க அரசு தன் செலவில் தாய்மார்களையும் விதவைகளையும் ஐரோப்பாவுக்கு அனுப்பியது. கறுப்பினத் தாய்மார்களைத் தனிக் கப்பலில் ஏற்றியது. மகன் செத்தது ஒரே போரில், அம்மாக்கள் போனது வேறு வேறு கப்பலில். இதை அவமதிப்பாகக் கருதிப் பயணத்தையே மறுத்த தாய்மார்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி ஜூக்பாக்ஸில் பாட்டு ஓடவில்லை.

எதிர்ப்பக்கம் நின்ற தாய்மார்களோ இன்னும் தூரம். வியட்நாம் தரப்பில் செத்தவர்கள் கணக்கு லட்சங்களில். பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்கு ‘வீரத் தாய்’ என்ற பட்டத்தை அந்நாட்டு அரசு 1994இல் ஏற்படுத்தியது. குவாங் நாம் மாகாணத்தைச் சேர்ந்த நுயென் தி தூ என்ற தாய் இழந்தது ஒன்பது மகன்களை. அவர் முகத்தை மாதிரியாக வைத்து மலை போன்ற ஒரு நினைவுச்சின்னம் அங்கே எழுந்திருக்கிறது. அதற்கு வெகு முன்பே, போர் நடந்துகொண்டிருந்த 1960களில், தென் வியட்நாமின் பாடலாசிரியர் திரின் கொங் சொன், செத்துப்போன சிப்பாய் மகனுக்குத் தாய் பாடும் தாலாட்டு ஒன்றை எழுதினார். ‘நு தி கொன்’ என்று பெயர், தூங்கு மகனே என்று அர்த்தம். கான் லி என்ற பாடகியின் குரலில் அது ஜப்பான் வரைக்கும் போனது. அந்தத் தாய் கடவுளிடம் எதுவும் கேட்பதில்லை, பிள்ளையைத் தூங்க வைக்கிறாள், அவ்வளவுதான். ஹேகார்ட் 1971இல் பாடிய பாட்டும் இதுவும் ஒரே போரின்போது இரண்டு நாடுகளில் ஒலித்தவை என்பதை நினைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

எந்த வரிசையில் கேட்கலாம் என்றால், முதலில் 1944இன் டப் பதிவு. கடிதம் முடிந்து அம்மாவின் கை நடுங்கும் இடத்திலும் அவர் குரலை ஏற்றுவதில்லை, அதைக் கவனியுங்கள். அடுத்து கான் லியின் தாலாட்டு. மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, தாலாட்டு மெட்டு தெரிந்துவிடும். ஹேகார்டை அதற்குப் பிறகு கேட்டால், கடைசிச் சரணம் முன்பு மாதிரி கேட்காது. ஸ்டாட்லர் பிரதர்ஸைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் ஆரம்பத்தில் ஃபார்ச்சூன் தனியாகப் பாடுவார். அம்மா பேச ஆரம்பிக்கும் பல்லவியில்தான் மற்ற மூன்று ஆண்குரல்களும் வந்து சேர்ந்துகொள்ளும்.